மருமகனின் அறைக்கு அப்பால் ஒரு நீச்சல் தடாகம்

என் பெயரில் ஒரு வீடு பதிவானது வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். அதுவும் இரண்டு இரவுகளுக்கு மட்டும்.

பிரதேச செயலகத்தில் நிருவாக உத்தியோகத்தனாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். காணி அனுமதிப்பத்திரம் வேண்டுமென்றால் எந்த மேசைக்கு முதலில் போகவேண்டும், எந்த மேசைக்குப் போகவே கூடாது என்று ஊரில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எனக்கென்று ஒரு வீடு இருந்ததில்லை. எங்கள் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுடைய சொத்து. நான் பிறந்தது உம்மாவின் வீட்டில். அது தங்கைக்குப் போனது. கலியாணம் முடித்து வந்தது மனைவியின் வீட்டுக்கு. அவளுடைய வாப்பா சாய்ந்தமருதில் வளவு வாங்கிக் கட்டிக்கொடுத்தது. மகளுக்கு மாப்பிள்ளை பேசிய அன்று அது மகளுடையதாயிற்று. நானும் மனைவியும் வளவின் பின்பக்கத்தில் இரண்டு அறையும் ஒரு குசினியுமாகக் கட்டிக்கொண்டு அதற்குள் போனோம். இதில் யாருக்கும் மனக்குறை இல்லை. ஆண்பிள்ளை என்பவன் இடமாற்றத்தில் வரும் உத்தியோகத்தன் மாதிரி. விடுதி தருவார்கள். உறுதிப் பத்திரம் தரமாட்டார்கள்.

முன்வீட்டின் நல்ல அறை மருமகனுக்கு. அதில்தான் குளிரூட்டி, அதில்தான் உள்ளேயே குளியலறை. மருமகன் வந்து இறங்கிய நாளிலிருந்து என் மனைவி அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. மார்க்கப்படி மாமி மருமகனுக்கு மறையவேண்டியதில்லை. இது மார்க்கமல்ல, மரியாதை. மகளுக்குக் காய்ச்சல் என்றால்கூட அறை வாசலில் நின்று கஞ்சிக் கோப்பையை நீட்டுவாள். மருமகன் கட்டாரில் வேலை. வருடத்தில் பதினொரு மாதம் அந்த அறையில் மகளும் பேத்தியும் மட்டும்தான். அப்போதும் அது மருமகனின் அறைதான்.

இனி முழங்கால் விஷயம்.

மனைவிக்கு இரண்டு முழங்காலும் விட்டுப்போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. முதலில் மாடிப்படி போனது, பிறகு பஸ் போனது, கடைசியில் தொழுகைப் பாய் போனது. கதிரையில் இருந்து தொழத் தொடங்கிய அன்று அவள் பாயைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்தாள். ஏலாதவர்களுக்கு மார்க்கம் அதற்கு இடம் தந்திருக்கிறது என்று நான் சட்டம் சொன்னேன்.

"இடம் தந்திரிக்கி எண்டு எனக்கும் தெரியும்," என்றாள். "நெத்தி நிலத்துல படல்லயே. அதுதான்."

டொக்டர் சத்திரசிகிச்சை என்றார். செய்தால் நடை வரும், ஆனால் காலை மடித்து நிலத்தில் இருக்கும் எண்ணத்தை விட்டுவிடவேண்டும் என்றும் சொன்னார். அவள் முகம் இருண்டுவிட்டது. பயிற்சி கொடுக்கும் பகுதிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த பெண் என் மகளைவிட இளையவள். முழங்காலைப் பிடித்து அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"தண்ணிக்குள்ள நடந்து பாருங்க உம்மா. நெஞ்சளவு தண்ணில உடம்புப் பாரம் தெரியாது. அங்க கால் மடங்கிச்செண்டா பொறகு தரையில மெல்ல மெல்லப் பழக்கலாம். அங்கயும் மடங்கல்லயெண்டா ஒப்பரேசன் செய்ங்க."

நெஞ்சளவு தண்ணீர். சொல்வது சுகம். கடல் எங்கள் தெரு முடிகிற இடத்தில்தான் இருக்கிறது. காலையில் தோணியும் மீன் ஏலமும், பின்னேரம் ஊர் முழுவதும். அந்த வயதுப் பெண் ஒருத்தி நெஞ்சளவு தண்ணீரில் நின்று காலை மடக்கிப் பார்த்தால், அந்திக்கு மஃரிப் பாங்கு சொல்லும் முன் அது ஊருக்கெல்லாம் செய்தி. விசாரித்த ஹோட்டல்களில் தடாகம் இருந்தது. பெண்களுக்கென்று நேரம் இல்லை. குளியலறையில் இருந்தது வாளி.

"எனக்கு நீந்தவும் தெரியும்," என்றாள் வரும் வழியில், ஓட்டோவுக்குள்.

"யாருக்கு?"

"எனக்குத்தான். எறக்காமத்துக் குளத்துல, கட்டுல இருந்து பாயிவன். பெரிய புள்ளயாகும் மட்டும்."

இத்தனை கால இல்லறத்தில் இந்தத் தகவல் என் எந்தக் கோவையிலும் பதிவாகியிருக்கவில்லை. எப்படிப் பாய்வாய் என்று கேட்டேன். ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார் என்று அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வில்லாவைக் கண்டுபிடித்தது மகள். மருமகன் லீவில் வரப்போகிற மாதம். கைபேசியில் படம் காட்டினாள். கோமாரி தாண்டி, பொத்துவிலுக்கு இப்பால், கடலுக்குக் கிட்ட, சுற்றிவர மதில், உள்ளே சொந்தமாக ஒரு நீச்சல் தடாகம். வேறு விருந்தாளிகள் இல்லை. படத்தில் ஒரு பெரிய கட்டில், அதன்மேல் துவாயை அன்னம் மாதிரி மடித்து வைத்திருந்தார்கள், கட்டிலின் கால்மாட்டில் நீலத் தண்ணீர். கட்டிலும் தண்ணீரும் ஒரே படத்தில்தான் இருந்தன. நாங்கள் எல்லோரும் தண்ணீரையே பார்த்தோம்.

"உம்மாவுக்காகத்தான் வாப்பா," என்றாள் மகள். "ரெண்டு நாள் உம்மா தண்ணிக்குள்ளயே இரிக்கட்டும்."

பதிவு செய்யும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். இப்படியான வேலைகளைப் பிள்ளைகளிடம் விட்டால் ஓட்டை விழும். முகாமையாளர் என்று சொல்லிக்கொண்ட இளைஞருடன் தொலைபேசியில் கதைத்தேன். மதில் எத்தனை உயரம்? பக்கத்து வீட்டுக்கு மாடி உண்டா? கமரா எங்கே பூட்டியிருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது? காவலாளி எங்கே இருப்பார்? பக்கத்து வளவில் தென்னை நிற்கிறதாமே, அந்த இரண்டு நாளும் யாரும் தேங்காய் பறிக்க ஏறக்கூடாது.

"சேர், நீங்க எந்த டிப்பார்ட்மெண்ட்?" என்று கேட்டார் இளைஞர்.

ஓய்வுபெற்றவன் என்றேன். ஆறுதலாக மூச்சு விட்டது கேட்டது. கடைசி நிபந்தனையையும் சொன்னேன். தடாகம் துப்புரவு செய்பவர் நாங்கள் இருக்கும் நாட்களில் உள்ளே வரவே கூடாது. நாங்கள் புறப்படும் சனிக்கிழமை காலையில், பின்கதவால் வந்து, தன் வேலையைச் செய்துவிட்டுப் போகட்டும். சரி சேர், அப்படியே செய்கிறோம் சேர், யாருடைய பெயரில் பதிவது சேர்? என் பெயரைச் சொன்னேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் கனத்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

மகள் தாய்க்கு நீச்சல் உடுப்பு எடுப்பித்தாள். தலையிலிருந்து கணுக்கால் வரை மூடுவது, கறுப்பு, ஓரத்தில் ஊதாக் கரை. மனைவி அதைக் கழுவினாள், அயன் பண்ணினாள், தொழுகை உடுப்போடு சேர்த்துப் பையின் அடியில் வைத்தாள். பிறகு பையின் மேற்பகுதியை அரிசி, தூள் வகை, நெய்ப் போத்தல், இரண்டு சட்டி, ஒரு தாச்சி ஆகியவற்றால் நிரப்பினாள். வில்லாவில் சமையலறைச் சாமான் எல்லாம் இருக்கிறது என்று சொன்னேன்.

"அவங்கட சட்டில என்னென்ன சமைச்சாங்களோ," என்றாள்.

வியாழக்கிழமை பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். வேனை ஓட்டியது மருமகன். காவலாளி திறப்பை என் கையில் தந்தார். கதவைத் திறந்தேன். எல்லோரும் உள்ளே போனார்கள். யாருக்கு எந்த அறை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் பைகள் எல்லாம் தங்கள் தங்கள் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டன. பெரிய கட்டில் இருந்த அறைக்குள் மருமகனின் பையைத் தூக்கிக்கொண்டு போனவள் என் மனைவியேதான். சுருக்கமில்லாத விரிப்பைத் தட்டிச் சரிசெய்தாள், வெளியே வந்தாள், கதவைச் சாத்தினாள். எங்கள் பையை நான் குசினிக்குப் பக்கத்து அறையில் கொண்டுபோய் வைத்தேன். சின்ன அறை, ஜன்னலுக்கு வெளியே காஸ் சிலிண்டர். என் பெயரில் பதிவான முதலாவது வீட்டிலும் நான் பின்னறைக்குத்தான் போயிருக்கிறேன் என்பது கட்டிலில் இருந்து சப்பாத்தைக் கழற்றியபோதுதான் உறைத்தது. அப்போதும் அது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

பிறகு தடாகத்தைத் தேடினேன். விறாந்தையில் இல்லை. பின்பக்கம் போனேன், மதில். சாத்திய கதவுக்கு அப்பாலிருந்து தண்ணீர் தெறிக்கும் சத்தமும் பேத்தியின் கூச்சலும் வந்தன.

காவலாளியிடம் கேட்டேன். "பெரிய ரூமுக்குள்ளால போகணும் சேர்," என்றார் பெருமையாக. "அந்த ரூமுக்கு மட்டும் தனியா வெச்சிரிக்கி. புதுசாக் கலியாணம் முடிச்ச மாப்பிள்ள பொம்புளதானே கூடுதலா வாற. அதான் இந்த வில்லாட விசேசம்."

வேறு வழி?

ஒன்று இருந்தது. துப்புரவு செய்பவர் வரும் பின்கதவு. அது வாகனம் நிறுத்தும் முற்றத்துக்குத் திறந்தது. அதற்கு நேரே காவலாளியின் கதிரை, அதற்கும் நேரே தெருப்படலை. ஈர உடுப்போடு என் மனைவி அந்த முற்றத்தைக் கடந்து வீட்டைச் சுற்றி வருவதைவிட நடுக்கடலில் குதிப்பாள்.

மதில் கேட்டேன், மாடி கேட்டேன், கமரா கேட்டேன், தென்னை கேட்டேன். கதவு கேட்கவில்லை.

அன்று பின்னேரம் மருமகனும் பேத்தியும் தண்ணீரில். மகள் கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு கரையில். மனைவி குசினியில் வெங்காயம் வெட்டினாள். குசினி ஜன்னல் வழியாகத் தண்ணீர்ச் சத்தம் நன்றாகக் கேட்டது.

"கேக்கிறதுக்கே நல்லாரிக்கி," என்றாள்.

"நாளைக்கு எறங்கு," என்றேன்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. அதில் எனக்கு ஒரு திட்டம் இருந்தது. ஆண்கள் ஜும்மாவுக்குப் போவோம். அந்த நேரம் அறை காலி, தடாகம் காலி, வீட்டில் பெண்கள் மட்டும். காலையில் மருமகன் சுபஹ் தொழுதுவிட்டு மறுபடி படுத்துக் கதவு சாத்தியிருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. லீவில் வந்த பிள்ளை தூங்கட்டும். பள்ளிக்கு நேரத்தோடே கிளப்பிக்கொண்டு போனேன். தொழுகை முடிந்த பிறகும் அவரை விடவில்லை. பள்ளி வாசலில் பழைய உத்தியோகத்தர் ஒருவரைப் பிடித்துவைத்து, பென்சன் முரண்பாடுகளைப் பற்றி அவர் கேட்காத விளக்கமெல்லாம் கொடுத்தேன். பிறகு பொத்துவில் கடைத்தெருவில் எருமைத் தயிர் தேடினோம். முதல் கடையிலேயே இருந்தது. இது சரியில்லை என்று மூன்றாவது கடை வரை நடத்தினேன். மருமகன் பொறுமையாகத் தயிர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்தால் நெய்ச்சோற்று வாசம் படலையிலேயே எதிர்கொண்டது. மனைவி குசினியில் இறால் பொரித்துக்கொண்டிருந்தாள். முக்காடு காய்ந்திருந்தது. நெற்றியில் மட்டும் வியர்வை.

மகள் என்னை விறாந்தைக்கு இழுத்தாள். "எத்தின தரம் கூப்பிட்ட வாப்பா! உடுப்பையும் எடுத்து வெச்ச. 'இந்தா சோறு அடுப்புல, வடிச்சிட்டு வாறன்' எண்டாங்க. பொறகு கோழி எண்டாங்க. பொறகு 'மருமகன் பசியோட வரும்' எண்டாங்க. நான் என்ன செய்ய? தூக்கிட்டா போற?"

ஜும்மா நாளில் மருமகன் வீட்டில் இருக்கிறார், மாமி அடுப்பில் சோறில்லாமல் தண்ணீருக்குள் நிற்கிறாள் என்றால், அது எங்கள் ஊரில் நடக்காத காரியம். இதையும் நான் திட்டத்தில் சேர்த்திருக்கவேண்டும்.

மருமகன் நன்றாகச் சாப்பிட்டார். "மாமிட நெய்ச்சோறு இல்லாட்டி லீவுக்கு வந்ததாவே இரிக்காது," என்றார் என்னைப் பார்த்து. அவளிடம் சொல்வதை என்னிடம் சொல்வதுதான் அவருடைய மரியாதை. கதவுக்குப் பின்னால் நின்றவளின் முகம் எனக்குத் தெரிந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அப்போதுதான் நான் அறையை மாற்றுவதென்று முடிவெடுத்தேன். இரண்டாவது இரவு நாங்கள் பெரிய அறைக்குப் போவோம், அவர்கள் இங்கே வரட்டும். விடிந்ததும் அவள் கதவைத் திறந்தால் தண்ணீர்.

மருமகனிடம் நேரே சொல்வதற்கென்ன என்று கேட்பீர்கள். மாமா மருமகனிடம் எதையும் நேரே கேட்பதில்லை. கேட்டால் அவரால் முடியாது என்று சொல்ல முடியாது; அப்படி மாட்டிவைப்பது அழகல்ல. அலுவலகக் கடிதத்தின் தலையில் 'ஊடாக' என்று ஒரு வரி போடுவோமே, அந்த முறைதான் வீட்டிலும். நான் மனைவிக்குச் சொல்வேன், மனைவி மகளுக்கு, மகள் தன் கணவனுக்கு. பதில் அதே மேசைகள் வழியாகத் திரும்பி வரும். நல்ல முறை. எங்கள் வீட்டில் ஒரு சண்டைகூட வந்ததில்லை.

குசினிக்குள் போய் மனைவியிடம் சொன்னேன்.

"சரி, மகளிட்டச் சொல்றன்," என்றாள்.

அசர்த் தொழுகைக்குப் பிறகு கேட்டேன். "என்ன சொன்னாங்க?"

தேயிலைக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "பாப்பம் எண்டு."

'பாப்பம்' என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். கோவை மூடப்பட்டது என்று பொருள். மருமகன் மீது எனக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல. நல்ல பிள்ளை என்று நினைத்திருந்தேனே, ஒரு கட்டிலை விட்டுக்கொடுக்க மனமில்லையா? அன்று பின்னேரம் அவர் தேயிலை கொண்டுவந்து தந்தபோது சீனி கூடிவிட்டது என்றேன். கடல் பார்க்கப் போவோமா மாமா என்றார். கால் வலி என்றேன். வீட்டில் கால் வலி யாருக்கு என்பது அவருக்கும் தெரியும். அவர் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனார். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அப்போது நான் வேறு அர்த்தம் எடுத்தேன்.

சனிக்கிழமை சுபஹ் தொழுதுவிட்டு நானும் மருமகனும் பள்ளியிலிருந்து நடந்து வந்தோம். அவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"மாமா, உங்கட ரூமுக்கு மோட்டர் சத்தம் வாறல்லதானே?"

"என்ன மோட்டர்?"

"தண்ணியச் சுத்தம் செய்யிற மோட்டர். ராவு முழுக்க ஓடிட்டே கிடக்கு, எங்கட தலைமாட்டுல. ரெண்டு ராவும் ஒரு பொட்டு நித்திர இல்ல. விடிஞ்சா கண்ணாடிக் கதவால வெயில் நேரா மூஞ்சில. கட்டார்ல எட்டுப் பேரோட ரூம்ல நல்லாப் படுக்கிறன் மாமா." சிரித்தார்.

நான் நின்றுவிட்டேன். "அப்ப அறைய மாத்துவமெண்டு கேட்டதுக்கு ஏன் பாப்பம் எண்டீங்க?"

"யாரு கேட்ட?"

"மாமி. மகளிட்டச் சொல்லி."

"அப்பிடி ஒண்டும் எனக்கு வரல்லயே மாமா. ராவு அவவும் சொன்னா, இந்தச் சத்தத்துல புள்ளயும் முழிச்சிட்டே கிடக்கு, உம்மாக்கள்ட ரூமுக்குப் போனா நல்லமெண்டு. நான்தான், அவங்க மனசு நொந்திரும், எங்களுக்கெண்டு தந்த ரூம் எண்டு..." அவர் முகம் மாறியது. "மாமி தண்ணில எறங்கினதானே? நாங்க ஜும்மாவுக்குப் போன நேரம்?"

"இல்ல."

"ஒருக்காலுமா?"

"இல்ல."

"அல்லாஹ்வே," என்றார். "எனக்குச் சொல்லியிருந்தா நான் வேனுக்குள்ள படுத்திருப்பனே மாமா!" சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போகிற அந்த முதுகைப் பார்த்து, முந்தின நாள் சீனியைப் பற்றிச் சொன்னது எனக்கு நினைவு வந்தது.

மனைவி குசினியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ மகளிட்டச் சொல்லவே இல்ல."

"இல்ல," என்றாள்.

"ஏன்?"

ரொட்டியைப் புரட்டினாள். "அந்தப் புள்ள வருசத்துக்கு ஒரு மாசந்தான் வருது. அதுலயும் விருந்து, கலியாணம், மவுத்து வீடு எண்டு பாதிய ஊர் திண்டுரும். நம்மட வீட்டுல கதவச் சாத்தினா ஆராவது தட்டுவாங்க. இந்த ரெண்டு நாளுந்தான் அவங்க ரெண்டு பேரும் ஆறுதலாக் கதவச் சாத்திட்டு இரிந்த. அதப் போய்த் தட்டச் சொல்றீங்களா, என்ட முழங்காலுக்கு?"

"அவங்க நித்திரயில்லாமக் கிடந்திரிக்காங்க. மோட்டர் சத்தமாம்."

அவள் கை நின்றது. ரொட்டியின் ஓரம் கருகும் வாசம் வந்தது. "எனக்கு எப்பிடித் தெரியும்," என்றாள். "கதவு சாத்தித்தானே இரிந்த."

அந்தப் பக்கம் அறை காலியாகிக்கொண்டிருந்தது. மருமகன் பைகளை வேனில் போட்டார், தூக்கக் கலக்கத்திலிருந்த பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போனார். போகும்போது குசினி வாசலில் நின்று, முதன்முறையாக நேரே சொன்னார்: "மாமி, நாங்க இனி வெயில் ஏறுறவரைக்கும் வரமாட்டம். நீங்க ஆறுதலா எறங்குங்க."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு, "சரி மகன்," என்றாள்.

மகள் உடுப்பைப் போடவைத்தாள். வெளியே வந்தவளைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும்தான். "தோணிக்காரன்ட மழக்கோட்டு மாதிரி இரிக்கி," என்றாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "குளக்கட்டுல இருந்து பாஞ்ச நேரம் என்ன உடுத்த உம்மா?" "பாவாட. காத்து ஏறி உப்பி நிக்கும், பலூன் மாதிரி. அதப் புடிச்சிட்டே மிதக்கலாம்." இதைச் சொன்னபோது அவள் கைகள் இரண்டும் அந்தப் பாவாடையைப் பிடித்திருந்தன. மகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அறை வாசலில் ஒரு கணம் தயங்கினாள், பிறகு வலது காலை எடுத்து வைத்தாள். கட்டிலைக் கடந்தோம். மகள் திரையை விலக்கினாள். கண்ணாடிக் கதவைத் தள்ளினாள்.

மூக்கில் அடித்தது.

தண்ணீர் பால் கலந்தது போல இருந்தது. கரையில் வெள்ளைத் தூள் சிந்திக் கிடந்தது. பின்கதவுக்குப் பக்கத்தில் ஒரு வாளி, கவிழ்த்தபடி. சனிக்கிழமை காலையில், பின்கதவால் வந்து, தன் வேலையைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார். சொன்ன சொல் தவறவில்லை. இரண்டு நாள் யாரையும் உள்ளே விடாததால் மருந்தையும் இரட்டிப்பாகப் போட்டிருக்கிறார்.

மதிலுக்கு அப்பாலிருந்து காவலாளி சத்தம் வைத்தார். "சேர், தண்ணில எறங்கிராதீங்க! இப்பதான் மருந்து போட்ட. பின்னேரம் மட்டும் ஏலா!"

அறையை விடும் நேரம் நண்பகல்தான், அதுவரை தடாகத்தைப் பயன்படுத்தும் உரிமை எங்களுக்கு உண்டு என்று மதிலைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினேன். "இரிக்கி சேர்," என்றது மதில். "ஆனா கண் எரியும், தோல் சொறியும்." உரிமை என் பக்கம்தான் இருந்தது.

மனைவி தண்ணீருக்குள் இறங்கும் படிகளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கால மட்டும் வெச்சாலும் ஏலாதாமா?" என்று மெதுவாக மகளிடம் கேட்டாள். மகள் அழ ஆரம்பித்தாள். "உங்களுக்காகத்தானே உம்மா வந்த, உங்களுக்காகத்தானே..." மனைவி கைப்பிடியை விட்டுவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டாள். "சும்மா இரி மகள். நீங்க ரெண்டு பேரும் சந்தோசமா இரிந்தா எனக்குப் போதும்." அதற்கு மகள் இன்னும் சத்தமாக அழுதாள். இரண்டு இரவும் மகள் தூங்கியிருக்கவில்லை.

பிறகு மனைவி கட்டிலின் விளிம்பில் இருந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையால் மெத்தையை அமுக்கிப் பார்த்தாள். "நல்ல மெதுவா இரிக்கி," என்றாள். போகும் நேரம் வரும்வரை அங்கேயே இருந்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

வருகிற வழியில் வேனுக்குள் எல்லோரும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டோம். மருமகன் என்னிடம், மகள் தாயிடம், நான் எல்லோரிடமும், தயிர் விஷயம் உட்பட. இவ்வளவு நல்ல மனிதர்கள் ஒரே வேனில் இருந்தும் ஒரு பெண்ணை நெஞ்சளவு தண்ணீரில் இறக்க முடியவில்லை.

மருமகன் கட்டாருக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமைகளில் அழைப்பார். இப்போதெல்லாம் என்னுடன் நேரே கதைக்கிறார். அது மட்டும் அந்த வில்லாவால் வந்த நன்மை. "மாமா, திருப்பிப் பதியவா? மாமியக் கூட்டிட்டுப் போங்க," என்பார். மனைவி பக்கத்திலிருந்து, "நீங்க லீவுல வாங்க மகன், எல்லாரும் போவம்," என்பாள். அவர் வந்தால் பெரிய அறை யாருக்கு என்று நான் கேட்டேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். இதென்ன கேள்வி என்று.

"அப்ப நாம ரெண்டு பேரும் மட்டும் போவமே."

"கிழவனும் கிழவியும் புள்ளைகள விட்டுட்டுக் குளிக்கப் போறமா? ஆக்கள் என்ன கதைப்பாங்க?"

பிறகு வலி கூடியது. காத்திருக்க ஏலாது என்றார் டொக்டர். அவளே சம்மதித்தாள். சத்திரசிகிச்சை நல்லபடியாக நடந்தது, அல்ஹம்துலில்லாஹ். இப்போது முன்வீடு வரை தடியில்லாமல் நடக்கிறாள். நிலத்தில் இருக்கும் அளவுக்கு முழங்கால் மடங்காது. தண்ணீருக்குள் அது மடங்கியிருக்குமா, இருக்காதா என்பதை இனி எந்த முறையிலும் தெரிந்துகொள்ள முடியாது. அலுமாரிக்கு மேலிருந்த பாயை எடுத்துத் தரச்சொன்னாள். தொழப் பழகும் பேத்திக்குக் கொடுத்தாள்.

பாயை எடுக்க ஏறியபோது நீச்சல் உடுப்பையும் கண்டேன். வில்லாவிலிருந்து வந்த மறுநாள் அவள் அதைக் கழுவிக் கொடியில் போட்டிருந்தது நினைவு வந்தது. தண்ணீரே படாத உடுப்பை எதற்காகக் கழுவினாய் என்று கேட்டேன்.

"அந்த மருந்து வாசம் ஏறியிரிந்த," என்றாள்.